தாமசின் கை தட்டாத நாள்

தேம்ஸ் ஆற்றின் தென்கரையில் தாமசின் கிரப் என்று ஒரு மருத்துவச்சி இருந்தாள். அங்கே ஓடித் திரிகிற பிள்ளைகளில் பாதி அவள் கையில் விழுந்தவை. பிரசவம் இல்லாத பிற்பகல்களில் நாடகக் கொட்டகைக்குப் போய், முற்றத்துக் கூட்டத்தில் நின்று, கொட்டைகளை உடைத்துத் தின்றபடி பார்ப்பாள். பார்ப்பதோடு விடமாட்டாள்.

அன்று ஒரு சோக நாடகம். பெண்கள் மேடையேறாத காலம்; அரசி வேடத்தில் மீசை அரும்பாத ஒரு பையன். போர்க்களத்துக் கூடாரத்தில் அரசிக்கு வலி கண்டது. நாலே வரியில் பிள்ளை பிறந்தது. உடனே அரசி எழுந்து நின்று, விதியை நொந்து இருபது வரி முழங்கினாள்.

“இவளுக்குப் பிள்ளை பொறந்துச்சா, தும்மல் வந்துச்சா?” என்றாள் தாமசின்.

கொட்டகையே சிரித்தது. செத்துக் கிடந்த தளபதியின் வயிறும் குலுங்கியது.

நாடகத்தை எழுதியவர் பெரெக்ரின் லாட். பல்கலைக்கழகத்தில் படித்தவர், பெண்களைப் பற்றியும் அங்கேயே படித்து முடித்தவர். வாசலில் அவளை மறித்தார்.

“ஏம்மா, கவிதையைப் பத்தி உனக்கு என்ன தெரியும்?”

“பிள்ளைப்பேறைப் பத்தி உங்களுக்குத் தெரிஞ்ச அளவுக்குத்தாங்கய்யா.”

ஈஸ்டர் கழிந்து அடுத்த நாடகம். அதில் ஒரு மருத்துவச்சி வந்தாள். தாமசினைப் போலவே இடது காலை இழுத்து நடந்தாள். கையில் மதுக்குடுவை. போதையில் பிள்ளையைத் தொட்டிலில் தலைகீழாகப் போட்டாள். ஜனம் முற்றத்தில் நின்ற தாமசினைத் திரும்பித் திரும்பிப் பார்த்துச் சிரித்தது. பிரசவத்துக்குப் போகும்போது ஒரு சொட்டுக்கூடத் தொடாதவள் தாமசின். முகம் தீயாய் எரிந்தது. ஆனாலும் நகரவில்லை.

முடிவில், முன்பு அரசியாக நடித்த அந்தப் பையன் முன்னால் வந்து குனிந்து, “கருணை மிகுந்த பெண்மணிகளே, நீங்கள் கை தட்டினால்தான் இந்த நாடகம் பிழைக்கும்” என்றான்.

தாமசின் கையைக் கட்டிக்கொண்டாள். பக்கத்தில் நின்ற மீன்காரி எல்லனுக்கு மூன்று பிரசவம் பார்த்தவள் அவள்; எல்லனும் கட்டினாள். அப்புறம் முற்றத்துப் பெண்கள் எல்லாரும், மேல்மாடத்துச் சீமாட்டிகள் வரைக்கும். ஆண்கள் சிலர் தட்டிப் பார்த்தார்கள். பெண்டாட்டிமார் பார்த்த பார்வையில் அதுவும் ஓய்ந்தது.

மறுவாரம் அந்த மருத்துவச்சிக் காட்சியே இல்லை. நீளம் கருதி வெட்டியதாக லாட் ஊரெல்லாம் சொன்னார். தாமசின் நேரே அவரிடம் போனாள்.

“ஏன்யா வெட்டினீங்க? உங்க நாடகத்துல அவ ஒருத்திதான் மனுஷி மாதிரி நடந்தா. குடுவையைப் பிடுங்கினாப் போதாதா?”

“குடுவை இல்லேன்னா சிரிப்பு எப்படிம்மா வரும்?”

“அதையும் நானேவா பெத்துக் குடுக்கணும்?”

சனிக்கிழமை மேடையில் மருத்துவச்சி குடுவையில்லாமல் வந்தாள். சிரிப்பு குறைவுதான். தாமசினுக்கு அதையும் முழுசாகப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. படகுக்காரன் மனைவிக்கு வலி கண்டுவிட்டது என்று ஆள் வர, கூட்டத்தை இடித்துக்கொண்டு வெளியே ஓடினாள்.