பேர் பதிகிற வயது

பிள்ளைகளைக் கைபிடித்து வாசல்வரை கூட்டிப்போய், அங்கே கையை விடுவதுதான் என் உத்தியோகம். எச்.ஐ.வி.யோடு பிறந்த பிள்ளைகள் எங்கள் குழந்தைகள் கிளினிக்கிலேயே வளர்கிறார்கள். பெரியவர்களானதும் அவர்களைப் பெரியவர்களின் கிளினிக்குக்கு மாற்றிவிடும் நர்ஸ் நான். கையைப் பிடிப்பதற்குப் பயிற்சி தந்தார்கள், விடுவதற்குத் தரவில்லை. வளர்ந்த பிள்ளையை முதல்முறை தனியாக ஹட்டன் டவுனுக்குப் போகிற பஸ்ஸில் ஏற்றிவிட்டு, பஸ் மறைந்த பிறகும் ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றவர்களுக்கு என் கஷ்டம் புரியும்.

அம்மாவின் வாய்

கொத்மலைப் பக்கத்துப் பையன் ஒருவன். மீசை கருகருவென்று வந்துவிட்டது. டொக்டர் அவனிடம் கேட்டால் அம்மாதான் பதில் சொல்வார். "தலை சுத்துதா?" என்றால், "இல்லீங்க டொக்டர், அவனுக்குப் பசிச்சாத்தான் சுத்தும்" என்பார். பெரிய கிளினிக்கில் இந்த வேலை நடக்காது. தன் உடம்பைப் பற்றித் தானே பேச வேண்டும். அதனால் ஒருநாள் அம்மாவை டீ குடிக்க அனுப்பிவிட்டு அவனை மட்டும் உட்காரவைத்து, "மாத்திரை ஒழுங்கா போடுறியா?" என்று கேட்டேன். ரொம்பப் பொறுப்பாக யோசித்தான். பிறகு எழுந்தான்.

"கொஞ்சம் இருங்க மிஸ்ஸி, அம்மாகிட்ட கேட்டுட்டு வந்துடுறேன்."

தையல் டீச்சர்

மேனகாவின் அப்பா அம்மா இரண்டு பேரையும் இந்த நோய் கொண்டுபோய்விட்டது. தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிற சித்திதான் வளர்க்கிறார். பல்கலைக்கழகத்துக்குப் போக எழுதுகிற ஏ.எல். பரீட்சைக்குப் படிக்கிறாள், கெட்டிக்காரி. ஒரே கூரையின் கீழ் வரிசையாக வீடுகள் ஒட்டிய லயத்தில் ஒரு வீட்டுப் போன் அடித்தால் நாலு வீட்டுக்குக் கேட்கும், யாரென்று கேட்காமல் விடமாட்டார்கள். அதனால் சித்தியின் போனில் என் பெயர் 'தையல் டீச்சர்'. மேனகா வருடக்கணக்காக என்னிடம் தையல் படிக்கிறாள் என்று லயமே நம்புகிறது. எனக்கோ அறுந்த பொத்தானைத் தைக்கவும் வராது. ஒருமுறை சித்தியோடு பேசும்போது, பின்னால் பக்கத்து வீட்டு அம்மாவின் குரல் கேட்டது.

"இத்தன வருசமா படிக்கிது, ஒரு சட்ட தச்சுப் பாத்ததில்ல. மொதல்ல அந்த டீச்சருக்குத் தைக்கத் தெரியுமா?"

பேர் பதிதல்

மேனகாவுக்குப் பதினெட்டு ஆனது. "இனிமே பெரிய கிளினிக்தான் மருந்து தரும். அங்க பேர் பதியணும்" என்று சொன்னேன். சித்தியின் முகம் சுருங்கியது. பிரியப்போகிற வருத்தம் என்று நினைத்துத் தேற்றி அனுப்பினேன். அடுத்த தடவை இருவரும் வரவில்லை, போனையும் எடுக்கவில்லை. நேரில் போகவும் வழியில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து ஒருத்தி லயத்துக்கு வந்தால், இத்தனை வருடம் காத்த ரகசியம் அன்றைக்கே தண்ணீர் பிடிக்கிற பீலியடியில் பேச்சாகிவிடும். மாத்திரை தீர்ந்திருக்குமே என்று நாளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

கடைசியில் ஒருநாள், யாரும் பக்கத்தில் இல்லாத நேரம் பார்த்து, சித்தியே போனில் பேசினார். தோட்டத்தில் 'பேர் பதிவது' என்றால் ஒரே அர்த்தம்தான்: படிப்பை விட்டுவிட்டுத் தொழிலாளியாகச் சேர்வது. தோட்டம் கொடுக்கிற எதுவும் பேர் பதிந்தவர்களுக்குத்தான். சின்னப் பிள்ளை என்று இதுவரை சும்மா கொடுத்தார்கள், இனிமேல் பேர் பதிந்து கொழுந்துக்குப் போனால்தான் மருந்து என்று சித்தி விளங்கிக்கொண்டிருக்கிறார். மருந்தா படிப்பா என்று இருவருமாக அழுது, படிப்பு என்று முடிவெடுத்திருக்கிறார்கள்.

"எங்கக்கா புள்ளயப் பேரு பதிய விடமாட்டேங்க மிஸ்ஸி. இருக்கிற மாத்திரய ஒருநாள் விட்டு ஒருநாள் போடுது. பரீட்ச முடியிற மட்டும் தாங்குந்தானே?"

பெரிய கிளினிக்

நான் கத்தினேனா அழுதேனா என்று எனக்கே தெரியவில்லை. தினமும் போட வேண்டிய மாத்திரை அது, விட்டு விட்டுப் போட்டால் பிறகு மருந்தே வேலை செய்யாமல் போய்விடும். "மருந்து எப்பவும் சும்மாதான், படிப்பை யாரும் தொடமாட்டாங்க, நாளைக்கே வாங்க" என்றேன்.

வந்தார்கள். பெரிய கிளினிக்கின் போர்டில் 'பாலியல் நோய்' என்று மூன்று மொழியிலும் எழுதியிருக்கிறது. மேனகா அதைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டாள். பிறக்கும்போதே வந்த நோய்க்கு இந்தப் போர்டு எதற்கு என்று எனக்கும் கோபம் வந்தது. அவள் ஸ்கூல் டையைக் கழற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு உள்ளே நடந்தாள். அங்கிருந்த சிங்கள நர்ஸ் 'தங்கச்சி' என்பதைச் சிங்களத்திலும் மீதியைத் தனக்குத் தெரிந்த தமிழிலுமாக, "நங்கி, பேர் என்ன?" என்று கேட்டார். சித்தி வாயைத் திறந்தார். நானும் திறந்தேன். மேனகா எங்கள் இருவரையும் திரும்பிப் பார்த்தாள்.

"என் பேர நானே பதிஞ்சுக்கிறேன் மிஸ்ஸி. நீங்க ரெண்டு பேரும் வெளிய இருங்க."

கையை விடுவதுதான் என் உத்தியோகம் என்று சொன்னேன் அல்லவா, விட்டதென்னவோ அவள்தான். நான் வெளியே பெஞ்சில் சித்தியோடு உட்கார்ந்து, அந்தப் போர்டை மூன்று மொழியிலும் வாசித்துக்கொண்டிருந்தேன்.