கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பேய்ப்படம் பார்க்கிறவள்

யாரோடும் போகவில்லை. ஒற்றை டிக்கெட், கடைசி வரிசை, ஓரத்து நாற்காலி, அதுவும் பட்டப்பகல் காட்சி. புருஷன் போய் வருஷம் திரும்பவில்லை, அதற்குள் சினிமா கேட்கிறதா என்று மாடிவீட்டுக்காரி படிக்கட்டில் நின்று அளக்கிறாளே, அவளுக்கு என்ன தெரியும்? அந்தக் கண்ணாடிக்கடைக்காரி பேய்ப்படத்துக்குப் போனது மெய்தான். ஆனால் ஒரு பேயின் மூஞ்சியைக்கூட அவள் பார்த்ததில்லை.

கடையில் அவளுக்குக் கண் சோதிக்கும் வேலை. வருகிறவர் மூக்கில் கனத்த சட்டத்தை மாட்டி, வில்லையை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா, இது தெளிவா?" என்பாள். அதுவே வாயில் ஒட்டிக்கொண்டது. வீட்டில் மாமியாரிடம் இரண்டு போர்வையைத் தூக்கிக் காட்டினாலும் அதே கேள்விதான்.

"ரெண்டும் கிழிசல்தான். எதையாவது போடும்மா" என்பாள் கிழவி.

கண்ணாடி இல்லையென்றால் எதிரே நிற்பது ஆளா அலமாரியா என்று கண் சோதிக்கிற அவளுக்கே தெரியாது.

புருஷன் ஒரு காலையில் சட்டைக்குப் பொத்தான் போட்டபடியே சரிந்தான். அன்றைக்கே கொழுந்தன் அவளைத் தனியாகக் கூப்பிட்டான். "அண்ணி, அம்மாவுக்கு நெஞ்சு சரியில்ல. நீங்க கத்தி அழுதா அவங்களும் நமக்கு இல்லாமப் போயிடுவாங்க." அவனைக் குற்றம் சொல்ல முடியாது, பயந்த பிள்ளை. வீடோ இரண்டே அறை, நடுவில் பலகைத் தடுப்பு. இந்தப் பக்கம் கொட்டாவி விட்டால் அந்தப் பக்கம் கேட்கும். அவள் விழுங்கினாள். மருமகள் உடைந்துவிடுவாளே என்று அந்தப் பக்கம் மாமியாரும் விழுங்கினாள்.

மூன்றாம் மாதம், கடையில் கூட வேலை செய்கிறவள் இழுத்துப்போன படம் முதல் படம். நீச்சல்குளத்தில் தலைமுடி மட்டும் மிதந்துவரும் கதை. மிதக்கத் தொடங்கியதுமே இவள் பயந்து கண்ணாடியைக் கழற்றி அதன் கூட்டுக்குள் போட்டாள். திரை வெறும் கலங்கலானது. அரங்கமே அலறியது. இவளும் வாயைத் திறந்தாள். வந்த சத்தம் படத்துக்கானது இல்லை. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அன்று வீட்டுக்கு வந்து இரண்டு தட்டு சாப்பிட்டாள். அடுத்த படத்திலிருந்து தனியாகவே போனாள்.

அந்த வருஷம் ஊரைக் கலக்கியவை மொத்தம் ஏழு பேய்ப்படங்கள். தையல்கடைப் பேய், பல் டாக்டர் பேய் என்று ஆளுக்கொன்றைத் தூக்கிவைத்துச் சண்டை போட்டார்கள். "எது நல்லாருக்கு?" என்று இவளைக் கேட்டால், "தையல்கடை. அதுல சத்தம் ஜாஸ்தி" என்பாள். இசை சட்டென்று நின்றால் அடுத்து அலறல்தான்; உடனே கண்ணாடி கூட்டுக்குள் போய்விடும். அதுதான் அவள் கணக்கு.

ஆறாவது படத்தில் கணக்கு பிசகியது. இசை நின்றது, கண்ணாடி கழன்றது, அடிவயிற்றிலிருந்து அலறினாள். உண்மையில் நின்றது படம் ஓட்டும் எந்திரம். விளக்கைப் போட்டுவிட்டார்கள். அரங்கமே திரும்பிப் பார்த்துச் சிரித்தது. மூன்றாவது வரிசையில் மாடிவீட்டுக்காரி. அவள் எதற்கு வந்தாள் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

அடுத்த வார விடுமுறையன்று இவள் பையைத் தோளில் மாட்டியதும் கொழுந்தன் வாசலில் கையை விரித்து நின்றான்.

"தெருவே சிரிக்குது அண்ணி. இன்னைக்குப் போனீங்கன்னா அப்படியே உங்க அம்மா வீட்டுக்குப் போயிடுங்க."

அவள் தடுப்புப் பக்கம் திரும்பினாள். "நான் படம் பார்க்கப் போகல அத்தை. கண்ணாடியைக் கழட்டிட்டு, எல்லாரும் கத்துறப்போ நானும் கத்துறேன். வேற எங்க போய்க் கத்துறது?"

உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. மூக்குக்கண்ணாடி சரிய, கிழவி சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"நான் கத்தினாலும் திரும்பிப் பார்க்க மாட்டாங்களா?"

"மாட்டாங்க அத்தை."

"அம்மா, உனக்கு நெஞ்சு..." என்றான் மகன்.

"பதினோரு மாசமா அது என்ன பாடு படுதுன்னு உனக்குத் தெரியுமாடா? தள்ளு."

அவன் கை தானாக இறங்கியது. மருமகள் மாமியாரின் செருப்பை எடுத்துத் தெருப்பக்கம் பார்க்கத் திருப்பி வைத்தாள். பிறகு பைக்குள் கையை விட்டு, காலியாகக் கிடந்த இன்னொரு கண்ணாடிக் கூட்டை எடுத்து, கிழவியிடம் திறந்து நீட்டினாள்.