கம்பியில் தொங்கிய பத்து நிமிடம்

தினமும் முருகனைக் கும்பிட்டுவிட்டுத்தான் நான் டூட்டிக்குப் போவேன். அப்படிப்பட்ட நான் செய்த காரியம் இது.

முன்பு வளைகுடா நாட்டில், அல் கூஸ் என்ற இடத்தில் ஒரு குடோனில் வேலை பார்த்தேன். ஒருநாள் எங்கள் சூப்பர்வைசர், எல்லார் முன்னாலும் என் நெற்றித் திருநீற்றை எண்ணெய்த் துணியால் துடைத்தார். "பட்டை அடிக்க நேரம் இருக்கு, டூட்டிக்கு வரத்தான் நேரம் இல்லையோ?" என்றார். அவரும் தமிழர்தான். அந்தத் துணியின் நாற்றம் எனக்கு மறக்கவே இல்லை.

இப்போது எனக்கு மலையில் ஜிப்லைன் வேலை. கம்பியில் தொங்கியபடி பறந்து வருகிறவர்களை இறக்கிவிட வேண்டும். போன மாதம் ஒரு அம்மா வந்து இறங்கினார். பின்னால் வந்த அவர் கணவர், எதிர்க்காற்றில் மேடையை எட்டாமல் பள்ளத்தாக்குக்கு மேலேயே நின்றுவிட்டார். அலறிய குரலிலேயே தெரிந்துவிட்டது, அதே சூப்பர்வைசர். போய் இழுத்து வர வேண்டியவன் நான்.

"அண்ணே, அவருக்கு பிரஷர் இருக்கு. சீக்கிரம் போங்கண்ணே" என்று அந்த அம்மா கெஞ்சினார்.

"காத்து அடங்கணும் மேடம். ரூல் அப்படி" என்றேன்.

காற்று எப்போதோ அடங்கியிருந்தது. அவர் கத்துவதைக் கேட்டுக்கொண்டே பத்து நிமிடம் நின்றேன்.

பிறகு போனேன். ஹெல்மெட்டும் கறுப்புக் கண்ணாடியும் போட்டிருந்த என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதார். "தம்பி, சாமி மாதிரி வந்தப்பா" என்றார். "என்னைத் தெரியுதா சார்?" என்று கேட்க எத்தனையோ நாள் நினைத்திருந்தேன். கேட்காமலே அவரை மேடைக்கு இழுத்து வந்தேன்.

முருகனிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். ஆனால் அந்தப் பத்து நிமிடம் இன்னும் இனிக்கிறது. அதை மட்டும் அவனிடம் சொல்ல முடியவில்லை.