சிவப்புப் பேனாவும் பொதுக் காரணமும்

லாஸ்பேட்டையில் எங்கள் அடுக்குமாடிச் சங்கச் செயலாளரின் காதில் எப்போதும் ஒரு சிவப்புப் பேனா செருகியிருக்கும். கூட்டத்தில் எல்லோரும் ஒத்துக்கொள்ள முடியாத காரணத்தை யார் சொன்னாலும், நோட்டில் எழுதி உடனே அடித்துவிடுவார்.

வாஸ்துப்படி வாசல் கேட்டை மாற்றவேண்டும் என்று நான் ஒருமுறை எழுந்தேன்.

“அது உங்க நம்பிக்கை சார். மேல்மாடி பாயும், கீழ்வீட்டு கருப்புச் சட்டைக்காரரும் ஒத்துக்குற மாதிரி ஒண்ணு சொல்லுங்க.”

நான் உட்கார்ந்தேன். எழுதியதை அடித்துவிட்டார்.

பிறகொரு கூட்டத்தில், மதிலோரம் பெஞ்சு போடலாமா என்று அவரே கேட்டார். ஏன் என்றோம்.

“என் சம்சாரம் இருந்தப்போ, சாயங்காலம் அங்கதான் நிப்பா.” எழுதினார், தானே அடித்தார். “இது பொதுக் காரணம் இல்ல.”

“அங்க நல்ல நிழல் சார்,” என்றேன். எல்லோரும் கை தூக்கினார்கள்.

அங்கே மருந்துக்குக்கூட நிழல் கிடையாது. அவருக்கும் தெரியும். பேனாவை மூடிக் காதில் செருகிக்கொண்டார்.