காலை விறைப்பு: இல்லை

போன வாரம் என் முழங்காலைக் காட்டப் போயிருந்தேன். மூட்டு டாக்டருக்கே மூட்டுவலி என்றால் சிரிப்பீர்கள், சிரியுங்கள். அங்கிருந்த டாக்டர் பெண் கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே, "காலையில மூட்டு விறைப்பு இருக்கா சார்?" என்றாள். நான் சிரித்துவிட்டேன். வலியில் மூளையும் கலங்கிவிட்டது என்று நினைத்திருப்பாள்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஓர் ஆஸ்பத்திரியின் மூட்டுவாதப் பிரிவில் பயிற்சிக்கு இருந்தேன். பிரிவு என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம்: ஓர் அறை, ஒரு பெஞ்சு, பெஞ்சு முழுக்கத் தைல வாசனை. கைப்பிடி பலம் பார்க்க, ரத்த அழுத்தப் பட்டையைச் சுருட்டிக் காற்றடித்துக் கொடுப்போம். நோயாளி அமுக்க அமுக்கப் பாதரசம் ஏறும். செய்து காட்டுகிறேன் என்று நான் அமுக்கினால் சோம்பலாக நகரும். "ஒங்களுக்கும் ஒரு சீட்டு போட்டிரவா டாக்டர்?" என்பார் நர்ஸ்.

ஆராய்ச்சியும் நடந்தது. ஆராய்ச்சி என்றால் படிவம். படிவம் என்றால் நான். நிரப்புகிற வேகத்தில் எனக்கு நிகர் கிடையாது.

அதில் முக்கியமான கேள்வி காலை விறைப்பு. தூங்கி எழுந்ததும் வெகுநேரம் விரல்கள் மடங்காவிட்டால் அது மூட்டை அரிக்கிற வாதமாக இருக்கலாம்; சீக்கிரம் மருந்து தொடங்க வேண்டும். இராஜபாளையம் நூல்மில்லில் அறுந்த நூலை ஒட்டும் வேலை பார்த்த மாடசாமியிடம் கேட்டேன்.

"காலையிலயா? சுத்தமா இல்ல சார்."

'இல்லை' என்று எழுதி, வேலைக் களைப்பு என்று சொல்லி, வலி மாத்திரையோடு அனுப்பினேன்.

மூன்று மாதம் கழித்து அவர் மனைவி அவரை இழுத்துக்கொண்டு வந்தார்.

"ஏன் டாக்டரு, இவியளுக்கு நைட் ஷிப்ட்டுன்னு கேட்டீயளா? காலையில வந்துதான் படுக்காவ. சாயங்காலம் எந்திரிச்சா ஒரு மணி நேரம் வெரலு மடங்காது. சட்டைப் பொத்தான் நாந்தான் போட்டுவிடுதேன். இனி நூல் ஒட்ட முடியலன்னா வேலையில்லன்னுட்டாரு மேஸ்திரி!"

"அவரு காலையிலன்னுதான கேட்டாரு?" என்றார் மாடசாமி, என்னைக் காப்பாற்றுகிறவர் போல.

மருந்து தொடங்கினோம். வலி இறங்கியது. ஆனால் அந்த மூன்று மாதத்தில் வலது கையில் இரண்டு விரல்கள் கோணியிருந்தன; அவை நிமிரவேயில்லை. மிச்ச விரல்களால் நூல் ஒட்டப் பழகிக்கொண்டார். வேலை போகாமல் தப்பியது. நான் ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்து, எல்லாப் படிவத்திலும் 'காலையில்' என்பதை அடித்து 'தூங்கி எழுந்ததும்' என்று எழுதினேன். கை வலித்தது, யாரிடமும் சொல்லவில்லை.

அந்த அறையில் இப்போது ஸ்கேன் எடுக்கிறார்கள். படிவங்கள் கரையானுக்குப் போயின. மில்லை இடித்து மனை போட்டுவிட்டார்கள். மாடசாமி நின்ற மெஷின் எந்தப் பக்கம் இருந்திருக்கும் என்று ஒருமுறை போய்ப் பார்த்தேன். கல் நட்ட இடத்தில் நின்ற வாட்ச்மேனிடம் விசாரித்தேன்.

"எந்த மில்லு சார்?" என்றார்.