மஞ்சளும் சுண்ணாம்பும் ஒரு கழிவுநீர்க் குழாயும்

திருவேங்கடம் தோத்தாத்ரி 1953இல் பிறந்தவர். மாநில அரசில் முத்திரை ஆய்வாளராக இருந்து 2011இல் ஓய்வு பெற்றவர். கடைத் தராசுகளையும் எடைக்கற்களையும் சோதித்துக் குற்றம் கண்டுபிடிப்பதே அவருடைய உத்தியோகம். ஓய்வுக்குப் பிறகு சோதிக்கத் தராசுகள் இல்லாமற் போயினவே தவிர, குற்றம் காணும் பழக்கம் போகவில்லை.

மாடம்பாக்கத்தில் அவருக்கு மாடியுடன் கூடிய வீடு. கீழே அவரும் மனைவி காமுவும். மாடியில் பள்ளி ஆசிரியை மிருதுளாவும் அவளுடைய இரண்டு வயதுக் குழந்தையும் குடியிருந்தார்கள். மிருதுளாவின் கணவருக்குக் கப்பலில் வேலை. காமு ஊட்டினால்தான் குழந்தைக்கு ரசஞ்சாதம் இறங்கும். குழந்தை சாப்பிட்ட பிறகுதான் காமுவுக்குப் பசியே எடுக்கும்.

2024ஆம் ஆண்டு ஆடி மாதம் முதல், சனிக்கிழமைதோறும் கீழ்வீட்டுக் குளியலறையில் தண்ணீர் இறங்காமல் கணுக்கால் அளவுக்குத் தேங்கத் தொடங்கியது. பிளம்பர் ஷாகுல் வந்து குழாய்க்குள் நீளக் கம்பியைக் குத்தித் தள்ளுவார். அடைத்திருந்தது உடைந்து தண்ணீரோடு போய்விடும். அது இன்னதென்று யாரும் பார்த்ததில்லை.

“இன்னா சார், வாரா வாரம் கூப்டுகினு இருக்கீங்க? மாசச் சம்பளமே போட்டுக் குடுத்துருங்களேன்.”

“காரணம் என்னன்னு நினைக்கிறே?”

“நீங்க இன்னா நெனைக்கிறீங்க?”

“மாடியிலே குழந்தையோட டயப்பரைக் குழாய்ல போடறா.”

“அத்தேதான் சார்.”

தோத்தாத்ரியின் தர்க்கத்தில் அவருக்கு ஓட்டை எதுவும் தெரியவில்லை. சனிக்கிழமை பள்ளி விடுமுறை. ஆகவே மாடியில் தண்ணீர் அதிகம் புழங்கும் நாள். மாடிக் குழாயும் கீழ்க் குழாயும் வாசல் பக்கத்துக் கழிவுநீர்த் தொட்டியான சேம்பரில்தான் வந்து சேருகின்றன. மாடியிலிருந்து வருவது அங்கே அடைத்துக்கொள்ள, தண்ணீர் எதிர்த்துக்கொண்டு கீழ்வீட்டுக்குள் ஏறுகிறது. ஐப்பசியில் ஒரு நாள் மாடிப்படியில் நின்றபடியே தீர்ப்பைச் சொல்லிவிட்டார்.

“இந்த மாசக் கடைசிக்குள்ள வேற வீடு பாத்துக்கோம்மா.”

“டயப்பரைக் கவர்ல சுத்திக் குப்பை வண்டியிலதான் போடறேன் அங்கிள். நீங்களே பாத்திருக்கீங்க.”

“பாத்ததைப் பத்திப் பேசலே. பாக்காததைப் பத்திப் பேசறேன்.”

மிருதுளா பெரும்பாக்கத்தில் வீடு தேட ஆரம்பித்தாள். காமு சமையலை நிறுத்தவில்லை, பேச்சை நிறுத்தினாள். அதுவும் ஒரு நாள்தான் தாங்கியது.

“ஏன்னா, ஊர்த் தராசையெல்லாம் கல்லை வெச்சுப் பாத்துட்டுத்தானே கேஸ் போட்டேள்? இவளை எந்தக் கல்லை வெச்சுப் பாத்தேள்?”

சோதிக்காமல் தண்டித்தார் என்ற பெயரை அவர் பணிக்காலத்தில் ஒருநாளும் வாங்கியதில்லை. சோற்றைப் பிசைந்தபடியே யோசித்தார். காமு ஆரத்தி கரைப்பது நினைவுக்கு வந்தது: மஞ்சள் நீரில் சுண்ணாம்பு சேர்ந்தால் சிவக்கும். கீழே தேங்கும் தண்ணீரில் சுண்ணாம்பைக் கரைத்துவிட்டு, மாடியில் மஞ்சள் நீரை ஊற்றவேண்டும். கீழே சிவந்தால் மாடித் தண்ணீர்தான் ஏறுகிறது, குற்றம் உறுதி. சிவக்காவிட்டால்? அதற்கு அவர் விடை தயாரிக்கவில்லை.

சனிக்கிழமையும் வந்தது, தண்ணீரும் தவறாமல் தேங்கியது. எண்ணெய்க் குளியல் முடித்த ஈரத்தலையோடு தோத்தாத்ரி குளியலறை வாசலில் நின்று, வெளுத்த சுண்ணாம்பு நீரை உற்றுப் பார்த்தார். மேலே மிருதுளா ஒரு வாளி மஞ்சள் நீரை ஊற்றினாள். சேம்பர் மூடியைத் திறந்து காத்திருந்த ஷாகுல் கத்தினார்:

“சார்! மஞ்சத்தண்ணி சும்மா ஜம்முனு போய்க்கினு கீது!”

கீழே வெள்ளை வெள்ளையாகவே இருந்தது. தோத்தாத்ரி இன்னொரு வாளி ஊற்றச் சொன்னார். அப்போதும் வெள்ளைதான்.

“மாப்பிள்ளை வரலே போலிருக்கு. ஆரத்தி செவக்கமாட்டேங்கறதே!” என்றாள் காமு.

மாடிக் குழாயில் பழுதில்லை, சேம்பரிலும் இல்லை. அப்படியானால் அடைப்பு கீழ்க் குளியலறைக்கும் சேம்பருக்கும் நடுவில். “இந்தத் தடவை தள்ளாதே, இழு” என்றார் தோத்தாத்ரி. ஷாகுல் சேம்பர் பக்கமிருந்து கொக்கிக் கம்பியை விட்டு இழுத்தார். முழ நீளத்துக்குப் பழுப்பாக ஏதோ வந்து விழுந்தது. டயப்பர் அன்று. தோத்தாத்ரி குனிந்து முகர்ந்தார். நல்லெண்ணெயும் சீயக்காயும் குழைந்து இறுகிய மணம்; அவர் தலையிலிருந்து வீசிக்கொண்டிருந்த அதே மணம். பாக்கெட்டில் எடை குறைகிறது என்று கடைச் சீயக்காயைத் தள்ளிவைத்து, பயறும் வெந்தயமும் தாராளமாகச் சேர்த்து மில்லில் தாமே அரைத்து வந்தது ஆடி மாதத்தில்தான்.

“அத்தேதான் சார்” என்றார் ஷாகுல், யாரும் கேட்காமலே.

தோத்தாத்ரி மாடியேறினார். மிருதுளா பாத்திரங்களை அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

“குத்தம் நிரூபணமாயிடுத்தும்மா.”

“யார்மேல அங்கிள்?”

“கீழ்வீட்டுக்காரர்மேல. நீ பெட்டியைப் பிரிச்சுடு.”

“அப்ப அவர்தான் காலி பண்ணணுமா?”

“வீட்டையில்லே. குளியலறையை.”

அன்றுமுதல் சனிக்கிழமைகளில் அவருடைய ஸ்நானம் கொல்லைப்புறத்தில், துவைக்கும் கல்லருகே நடக்கிறது. தண்ணீர் தென்னைக்குப் பாய்கிறது. மாடி பால்கனியில் காமுவின் இடுப்பில் உட்கார்ந்து குழந்தை கைதட்டுகிறது. அந்த உற்சாகத்தில் இரண்டு வாய் சாதம் கூடுதலாகவே இறங்குகிறது. இதை எழுதும்வரையில் அவர் கடைசியாக அங்கே எண்ணெய் தேய்த்துக் குளித்தது 2025 டிசம்பர் 6, சனிக்கிழமை. தூறலில், ஒரு கையில் குடையுடன்.