'@' விழுங்கிய வரிகள்

1986இல் ஹட்டன் நகரத்துத் தேயிலை அலுவலகம் ஒன்றுக்கு யுனிக்ஸ் கணினி வந்தது. அதன் திரை முன்னால் உட்கார வைக்கப்பட்டவள் பெற்றீசியா. லிந்துலைத் தோட்டத்துப் பெண். தட்டச்சில் கை வேகம். மூன்று மாதம் பார்த்துவிட்டுத்தான் வேலை நிரந்தரம் என்று சொல்லியிருந்தார்கள். அந்தக் கெடு சனிக்கிழமையோடு முடிகிறது.

அந்த வாரத் திங்கட்கிழமைதான் முதல்தடவையாகத் தேயிலை அனுப்பும் பட்டியலை அடித்தாள். தோட்டத்தின் பெயர், இருபது பெட்டி, 'ஒவ்வொன்றும்' என்பதற்கான '@' குறி, ஐம்பது கிலோ. '@' அடித்ததும் மிச்சம் அடுத்த வரிக்குத் தாவியது. திரையில் இடம் போதவில்லை போலும் என்று விட்டுவிட்டாள். அச்சில் வந்ததோ வரிக்கு வரி வெறும் ஐம்பது கிலோ. தோட்டமும் இல்லை, பெட்டியும் இல்லை.

"என்னம்மா, தேயிலைய மெசினே குடிச்சிருச்சா?" என்றார் தலைமைக் கிளாக்கர் பத்திநாதன்.

"சரியாத்தான் அடிச்சேன் சார்."

"வெள்ளிக்கிழமையும் இப்படி வந்தா லிந்துலைக்கு பஸ் ஏறிக்க."

பக்கத்து மேசை நாகலெட்சுமி குனிந்து, "அந்தச் சுழியப் போடாம விடு புள்ள" என்றாள்.

பத்திநாதனுக்குக் காது கூர்மை. "நான் பாத்து இருவத்திரெண்டு வருசமா எல்லா பெக்டரியிலயும் போடுறாங்க. மெசினுக்காக விட்டுருவாங்களா?"

பெற்றீசியா கையேட்டைப் புரட்டி, stty -a என்று அடித்தாள். திரையில் வந்த அமைப்புகளுக்கு நடுவே kill = @ என்று இருந்தது. அதுவரை அடித்த வரியை ரத்துச் செய்யும் விசை அது! அதிகம் தேவைப்படாத குறி என்று கணினியைச் செய்தவர்கள் நினைத்திருப்பார்கள். தேயிலைப் பெட்டியை அவர்கள் பார்த்ததில்லை.

stty kill '^u' என்று அந்த வேலையை வேறு விசைக்கு மாற்றினாள். செவ்வாய்க்கிழமை முழுவதும் வரிகள் நின்றன. புதன் காலை கணினிக்குள் மறுபடி நுழைந்து அடித்தால், மறுபடியும் விழுங்கல்.

"நேத்து நல்லாருந்திச்சே! பேய் புடிச்சிருச்சா?" என்றாள் நாகலெட்சுமி.

"நான் வெளிய போனதும் சொன்னத மறந்துருது."

ஒவ்வொரு தடவை நுழையும்போதும் கணினி தானாகப் படிக்கும் .profile என்ற கோப்பைப் பற்றிக் கையேட்டில் அரைப்பக்கம் இருந்தது. முந்தின நாள் அடித்த அதே கட்டளையை அதில் எழுதினாள். வெளியேறினாள், நுழைந்தாள். நம்பாமல் இன்னும் ஒருமுறை. '@' அசையாமல் நின்றது.

வெள்ளிக்கிழமை பத்திநாதன் பட்டியலில் கோடு போடும் அடிமட்டத்தை வைத்து வரி வரியாக இறக்கினார். கடைசி வரியில் கையெழுத்துப் போட்டார்.

"திங்கக்கெழம வந்து நாகலெட்சுமியோட மெசின் கணக்குலயும் அத எழுதி வச்சிரு" என்றார்.

"திங்கக்கெழமையா சார்?"

"ஏம்மா, லீவா?"

"இல்ல சார், வாறேன்."